சம்பளம் வாங்காத வில்லன்

அன்புள்ள ஜாக் பேலன்ஸ் அவர்களுக்கு,

2006 நவம்பரில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேராது. இருந்தாலும் ஒரு நன்றியை நாலு பேர் அறியச் சொல்லியாக வேண்டும் என்று நெடுநாளாக மனதில் இருக்கிறது. அதனால்தான் இது திறந்த மடலாக வருகிறது.

உங்கள் பெயரைச் சொன்னதும் கௌபாய் படம் பார்க்கிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, 1953-இல் வந்த ‘ஷேன்’ படத்தில் கறுப்புக் கையுறையை மெதுவாக மாட்டிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி வரும் ஓர் ஏழைக் குடியானவனைச் சுட்டுத் தள்ளும் ஜாக் வில்சன். மற்றொன்று, 1992 ஆஸ்கர் மேடையில் 73 வயதில் ஒற்றைக் கையை ஊன்றி நீங்கள் எடுத்த தண்டால். இரண்டையும் நானும் ரசித்தவன்தான். ஆனால் என் நன்றி 1966-இல் வெளிவந்த ‘தி புரொஃபஷனல்ஸ்’ படத்தின் ஹேசூஸ் ராஸாவுக்காக. மெக்சிகோப் புரட்சியின் தளபதி, ரயில் கொள்ளைக்காரர், சரணடைந்தவர்களைச் சுட்டவர், காதலர். இத்தனையும் ஒரே மனிதராக, ஒன்றை இன்னொன்றால் மறைக்காமல் எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்களே, அதற்காக.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ எல்லைக்கு வடக்கே கிராண்ட் என்றொரு பெரும் பணக்காரர். அவருடைய இளம் மனைவி மரியாவை ராஸா கடத்திக்கொண்டு போய்விட்டதாகவும், 1,00,000 டாலர் பணயத்தொகை கேட்பதாகவும் சொல்கிறார். மீட்டுக் கொண்டுவர நான்கு பேரை அமர்த்துகிறார், தலைக்கு 10,000 டாலர் கூலி. ஆயுத நிபுணர் ஃபார்டனாக லீ மார்வின், வெடிமருந்து வைக்கும் டால்வொர்த்தாக பர்ட் லங்காஸ்டர், தடம் பார்க்கும் ஜேக்காக வுடி ஸ்ட்ரோட், குதிரைகளை உயிராக நேசிக்கும் ஏரன்கார்டாக ராபர்ட் ரயன். ஃபார்டனும் டால்வொர்த்தும் ஒரு காலத்தில் புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் படையில் ராஸாவோடு தோளோடு தோள் நின்று சண்டை போட்டவர்கள். பாலைவனம் தாண்டி ராஸாவின் கோட்டைக்குள் புகுந்து பார்த்தால், மரியா கைதியாக இல்லை. ராஸாவின் காதலியாக இருக்கிறாள். கிராண்டைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பிருந்தே அவள் ராஸாவின் காதலிதான். பணயத்தொகை என்பது இருவரும் சேர்ந்து புரட்சிக்குப் பணம் திரட்டப் போட்ட திட்டம்.

ரிச்சர்ட் புரூக்ஸ் எழுதி இயக்கிய இந்தப் படத்தில் நீங்கள் திரையில் வரும் நேரம் அதிகம் இல்லை. முதல் பாதி முழுக்க ராஸா மற்றவர்கள் வாயில் வரும் பெயர்தான். கிராண்ட் சொல்லும் ராஸா ரத்தவெறி பிடித்த கொள்ளையன். பழைய கூட்டாளிகள் நினைவில் வைத்திருக்கும் ராஸாவோ வேறு ஆள். இரண்டில் எது உண்மை என்று காத்திருக்கும்போது அந்த ரயில் வருகிறது.

அந்த ரயில் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். மலை உச்சியிலிருந்து நால்வரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராஸாவின் ஆட்கள் அரசாங்கப் படையின் ரயிலை மறித்துப் பிடிக்கிறார்கள். சண்டை முடிகிறது. அதோடு விட்டிருந்தால் ராஸாவை வீரன் என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். விடவில்லை. உயிர் பிழைத்த சிப்பாய்களையும் சுட்டுக் கொல்கிறார்கள். ஏரன்கார்டுக்குத் தாங்கவில்லை. பார்க்கிற நமக்கும் தாங்கவில்லை. அப்போதுதான் செத்தவர்கள் யார் என்று தெரியவருகிறது. ஓர் ஊரையே கொளுத்திக் கொள்ளையடித்த படைக்காரர்கள் அவர்கள். ஃபார்டனின் மனைவியைச் சித்திரவதை செய்து கொன்றதும் அதே கூட்டம்தான்.

இதைக் கேட்டதும் மனசு உடனே கணக்குப் போடத் தொடங்குகிறது. சரி, அவர்களுக்கு அது வேண்டும்தான் என்று ஒரு குரல். ஏரன்கார்ட் முகத்தைப் பார்த்தால் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. படம் எந்தப் பக்கமும் சாய்ந்து நமக்கு உதவி செய்யவில்லை. நீங்களும் செய்யவில்லை. அந்தக் காட்சியில் ராஸாவின் முகத்தில் ஒரு துளி வருத்தத்தைக் காட்டியிருந்தால் போதும், நாங்கள் நிம்மதியாக அவரை மன்னித்திருப்போம். நடிகர்கள் பலரும் அந்த வாய்ப்பை விடமாட்டார்கள். ரசிகர்களின் அன்பு யாருக்குத்தான் வேண்டாம்? ராஸா தான் செய்வது வேலை என்பதுபோல் நின்றார். அதில் வெறி தெரிந்திருந்தால்கூட ஒதுக்கிவிடலாம். அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

இது கதாசிரியரின் கற்பனைக் கொடூரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ராஸா கற்பனைதான், ஃபிராங்க் ஓ’ரூர்க்கின் நாவலிலிருந்து வந்தவர். ஆனால் அவர் சார்ந்த படை வரலாற்றில் இருந்தது. பாஞ்சோ வில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். மதுவைத் தொடாதவர். சிவாவா மாநிலத்தின் ஆளுநராக இருந்த சில வாரங்களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களைத் திறந்தவர். 1914-இல் தன் சண்டைகளைப் படமெடுக்க அமெரிக்க சினிமாக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட அளவுக்குக் கேமராவின் வசீகரம் தெரிந்தவர். அதே வில்லாதான் அடுத்தடுத்து தோற்ற ஆத்திரத்தில், 1915 டிசம்பரில் சொனோரா மாநிலத்தின் சான் பெத்ரோ தே லா குவேவா என்ற சின்ன ஊரில் ஆண்களைப் பிடித்து வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார். மன்றாடிய பாதிரியாரும் தப்பவில்லை. வில்லாவின் தளபதி ஃபியெரோ, கைதிகளை ஓடவிட்டு அவர்கள் சுவரை எட்டுவதற்குள் தானே சுட்டு வீழ்த்தியதை மார்ட்டின் லூயிஸ் குஸ்மான் 1928-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த மனிதர்தான், ஊரைச் சுட்டதும் அந்த மனிதர்தான். புரட்சியை நேசிக்கிறவர்கள் முதல் பாதியையும் வெறுக்கிறவர்கள் இரண்டாம் பாதியையும் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நூறு ஆண்டுகள் கழிந்தும் இந்தப் பாகப்பிரிவினை தீரவில்லை. உங்கள் ராஸாவில் மட்டும் அது நடக்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். ‘ஷேன்’ படத்தில் நீங்கள் பெரிய மாட்டுப் பண்ணைக்காரன் வாடகைக்கு அழைத்து வந்த துப்பாக்கிக்காரன். குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டுவதற்காகக் கூலி வாங்கிக் கொல்கிறவன். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் படத்தில் எல்லாம் இடம் மாறிவிட்டது. கூலி வாங்கிக் கொல்கிறவர்கள் இப்போது கதாநாயகர்கள். அவர்களை ஏவுகிறவர் பணக்காரர். யாரிடமும் சம்பளம் வாங்காமல் சண்டை போடுகிற ஒரே ஆள் வில்லன். அந்த 1,00,000 டாலரும் ராஸாவின் சட்டைப்பைக்குப் போவதற்கில்லை. வில்சனையும் ராஸாவையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பணத்துக்குக் கொல்கிறவனைவிட நம்பிக்கைக்குக் கொல்கிறவன் மேலா என்ற கேள்வி தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. செத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. இல்லவே இல்லை என்று மறுநாள் தோன்றுகிறது.

இனி அந்த மலைப்பிளவுக் காட்சி. எனக்கு இந்தப் படமே அதுதான்.

உண்மை தெரிந்தும், மரியாவைத் தூக்கிக்கொண்டு மற்ற மூவரும் எல்லையை நோக்கிப் போகிறார்கள். டால்வொர்த் மட்டும் பின்தங்கி, குறுகலான மலைப்பிளவில் பாறைகளுக்கு நடுவே பதுங்கி ராஸாவையும் அவர் ஆட்களையும் தடுத்து நிறுத்துகிறார். கான்ராட் ஹாலின் கேமராவில் அந்தப் பாறைகள் எரிந்துகொண்டிருப்பது போலிருக்கும். சுடுகிறார்கள், ஓய்கிறார்கள், மறுபடி சுடுகிறார்கள். ஓய்வுக்கு நடுவே பழைய நண்பர்கள் இருவரும் பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு முடிந்தால் ஒருவரையொருவர் கொல்லப் பார்ப்பார்கள் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் பகை துளியும் கிடையாது. குசலம் விசாரிக்கிற தோரணைதான்.

டால்வொர்த்துக்குப் புரட்சி என்றோ கசந்துவிட்டது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும், பிணங்களைப் புதைத்ததும், அரசியல்வாதிகள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான் என்கிறார். இதை ராஸா மறுப்பதே இல்லை. அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புரட்சியைப் பெரிய காதலோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். தொடக்கத்தில் அவள் தெய்வமாகத் தெரிவாள். காலம் போகப் போக அவள் தெய்வமல்ல, வேசி, ஒருநாளும் தூய்மையாக இருந்தவளும் அல்ல என்று தெரிந்துவிடும். மனம் வெறுத்து ஓடுவோம், வேறு சில்லறைக் காதல்களில் விழுவோம். ஆனால் அவள் இல்லாமல் நாம் யாருமே இல்லை என்று தெரிந்து வழிதப்பியவர்களாகத் திரும்பி வருவோம். திரும்பி வந்து சாவோம். ராஸா சொல்வதன் சாரம் இது.

வேறொருவராக இருந்தால் இதை மேடைப் பேச்சாக முழங்கியிருப்பார். வசனமும் அதற்குத் தோதானதுதான். நீங்கள் அந்த மூச்சுக் கலந்த கீழ்க்குரலில், களைத்துப்போனவர் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் பேசினீர்கள். யாரையும் கட்சியில் சேர்க்கும் எண்ணம் அந்தக் குரலில் இல்லை. தான் ஏமாற்றப்பட்டது தெரிந்த மனிதர் பேசுகிறார். தெரிந்தும் இருக்கிறார். சினிமாவில் புரட்சிக்காரர்கள் ஒன்று எதையும் சந்தேகிக்காத வீரர்கள், இல்லாவிட்டால் எதையும் நம்பாத அயோக்கியர்கள். எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டு, நம்பிக்கையைத் தானே முடிவெடுத்துச் சுமந்துகொண்டிருக்கும் ஒருவரை அதுவரை நான் பார்த்ததில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பெண் என்றால் தெய்வம், தவறினால் வேசி என்று போகும் அந்த உவமை எனக்கு உறுத்துகிறது. ராஸா அதைப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவருக்காகத் துப்பாக்கி தூக்கிய சிக்கிட்டா அந்த மலையிலேயேதான் இருக்கிறாள். அவள் தெய்வமுமல்ல, வேசியுமல்ல, படையாள். ஒரு காலத்தில் டால்வொர்த்துக்கும் பிரியமானவள். சற்று நேரத்தில் அவர் குண்டுக்கே பலியாகிறாள். சாகும் தறுவாயில் துப்பாக்கியை அவர் தலைக்கு நேரே பிடித்து விசையை இழுக்கிறாள், உள்ளே தோட்டா இல்லை. மாரி கோமஸ் நடித்த அந்தச் சில நிமிடங்கள் ராஸாவின் உவமைக்கு நல்ல பதிலாக அமைந்துவிட்டன. காதலைப் பற்றியும் புரட்சியைப் பற்றியும் அழகாகப் பேச ஆண்களுக்கு நேரம் இருக்கிறது. செத்துப்போவது அவளாக இருக்கிறது. ராஸாவின் வசீகரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் அந்த ரயில் சிப்பாய்களோடு இவளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

உங்கள் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் காட்சி எனக்கு இன்னும் கனத்துவிட்டது. 1919-இல் பென்சில்வேனியாவின் லாட்டிமர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தீர்கள். உக்ரைனிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளியின் மகன். வீட்டில் வைத்த பெயர் வொலோதிமிர் பலஹ்னியூக். நீங்களே இளவயதில் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். அந்த லாட்டிமரில் நீங்கள் பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பு, 1897 செப்டம்பர் 10 அன்று, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். கையில் ஆயுதமில்லை. போலந்து, ஸ்லோவாக்கியா, லித்துவேனியா என்று கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஷெரிஃபும் அவர் ஆட்களும் சுட்டார்கள். 19 பேர் செத்தார்கள். பலருக்கு முதுகில் குண்டு. மறுவருடம் நடந்த வழக்கில் சுட்டவர்கள் அத்தனை பேரும் விடுதலை.

ராஸாவாக நடிக்கும்போது நீங்கள் லாட்டிமரை நினைத்தீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல முடியும். ஆனால் அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, சட்டம் யார் கையில் இருக்கும், துப்பாக்கி யார் பக்கம் நிற்கும் என்று யாரும் பாடம் எடுத்திருக்கத் தேவையில்லை. ஹாலிவுட்டில் பேர் வாங்கிய பிறகும் பிறந்த ஊருக்கு அருகிலேயே பண்ணை வைத்திருந்தீர்கள். கவிதை எழுதினீர்கள், ஓவியம் தீட்டினீர்கள். பிராட்வேயில் மார்லன் பிராண்டோவுக்கு மாற்று நடிகராக இருந்தவர், அந்த எலும்பு துருத்திய முகத்துக்காகவே காலமெல்லாம் வில்லனாக்கப்பட்டீர்கள். அந்த முகத்தில் புரூக்ஸ் ஒரு காதலரைப் பார்த்தார். ராஸாவின் கோட்டையில், இரவில், நீங்கள் மரியாவின் அறைக்குள் வரும்போது கிளாடியா கார்டினாலேயின் முகம் மாறுகிறதே, கதையின் மொத்த ரகசியமும் அந்த ஒரு பார்வையில் உடைகிறது. மறைந்திருந்து பார்க்கும் கூலிப்படைக்காரர்களுக்கும் அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிடுகிறது. அழகான கதாநாயக நடிகர் ஒருவர் வந்திருந்தால் அந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது. உங்கள் முகத்தைக் கண்டு பயந்து பழகிய நாங்கள்தான் அந்த இடத்தில் தோற்றோம்.

மெக்சிகோக்காரர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துக் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது. பென்சில்வேனியாவில் பிறந்த உக்ரைன் வம்சாவளியினர் ராஸா, துனிசியாவில் பிறந்த இத்தாலியர் மரியா. 1952-இல் பிராண்டோ மெக்சிகோப் புரட்சித் தலைவர் ஸபாட்டாவாக நடித்தபோது, சிவாவாவில் பிறந்த ஆந்தனி குவின் அவருக்கு அண்ணனாகத்தான் நடிக்க முடிந்தது. ஆஸ்கரையும் அவரே வாங்கிக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம். அந்தக் காலத்து ஹாலிவுட்டின் இந்த அநியாயத்தை உங்கள் நடிப்பின் தரத்தைக் காட்டி நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ராஸாவுக்கு நன்றி சொல்லும்போதே, அந்த வேடம் கிடைக்காமல் போன மெக்சிகோ நடிகர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு 1969-இல் ‘சே!’ படத்தில் ஃபிடல் காஸ்ட்ரோவாகவே நடித்தீர்கள். தாடி இருந்தது, சுருட்டு இருந்தது, சீருடை இருந்தது. உண்மையில் வாழ்ந்த, அப்போது உயிரோடிருந்த ஒரு புரட்சித் தலைவர். ஆனால் அதில் ராஸாவின் நிழல்கூட இல்லை. அந்தத் தோல்வியின் பழி முழுக்க உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. அந்தப் படம் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் தப்பிக்கப் பார்த்த படம். தோற்றப் பொருத்தத்தைத் தேடிப் போய் மனிதரைத் தொலைத்துவிட்டது. கற்பனையான ராஸாவிடம், மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு, அதே நடிகர் கொண்டுவந்திருந்த உயிர் எங்கே போயிற்று என்று நான் வியந்திருக்கிறேன். நல்ல எழுத்தும் ஏற்ற நடிகரும் சந்திக்கும் தருணம் எத்தனை அபூர்வம் என்பது அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதற்கு நடுவிலும் அதற்குப் பிறகும் செர்ஜியோ கார்புச்சியின் இத்தாலியக் கௌபாய் படங்களில் புரட்சிக்காரர்களைத் துரத்துகிற வில்லனாகவும் வந்தீர்கள். அவற்றையும் விரும்பிப் பார்ப்பேன், ஆனால் அவை வேறு கணக்கு.

படத்தின் முடிவில் எல்லையருகே கிராண்ட் காத்திருக்கிறார். காயம்பட்ட ராஸாவைக் கொன்றுவிடச் சொல்லித் தன் ஆளுக்கு உத்தரவிடுகிறார். கூலிக்கு வந்த நால்வரும் குறுக்கே விழுந்து தடுக்கிறார்கள். பெண்ணைக் கடத்தியவர் உண்மையில் யார் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பேசிய பணத்தை உதறிவிட்டு, மரியாவையும் ராஸாவையும் வண்டியில் ஏற்றி மெக்சிகோவுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். தியேட்டரில் கைதட்டு வாங்குவது அதற்குப் பிறகு கிராண்டைப் பார்த்து லீ மார்வின் சொல்லும் வசனம். நியாயமான கைதட்டுதான்.

நான் அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஸா பிழைப்பார். மரியா அவரைப் பிழைக்கவைப்பாள். பிழைத்தவர் திருந்தி எங்கோ நிலம் உழுதுகொண்டு அமைதியாக இருப்பார் என்று நினைக்க நீங்கள் எந்த இடமும் வைக்கவில்லை. மறுபடி ரயில் மறிப்பார். மறுபடி யாரையோ வரிசையாக நிறுத்துவார், அந்த வரிசையில் எல்லோரும் கொடியவர்களாக இருக்கப் போவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் அந்த வண்டி எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். ராஸாவுக்காக என்னைத் துடிக்கவும் வைத்தீர்கள், அவர் செய்ததை மறக்கவும் விடவில்லை. இரண்டுக்கும் சேர்த்து, மனம் நிறைந்த நன்றி.

இப்படிக்கு,
உங்கள் ரசிகர்களில் ஒருவன்